மழையில் நனையும் மரத்துக்கு எந்தப் பூச்சு?

மண், விதை, மாடு, சந்தை என்று நிறையப் பேசுகிறோம். மரவேலை பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் நம் எல்லார் பண்ணையிலும் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற மரம் உண்டு. ஆட்டுப் பரண், கோழிக் கூண்டு, மாட்டு வண்டி, பந்தல் கால், காய்கறி விற்கிற மேடை எல்லாம் மரம்தான். இதற்கு என்ன பூசுகிறோம் என்பது மரத்தோடு முடிகிற விஷயம் இல்லை. பூசியது மழையில் கழுவி மண்ணுக்குப் போகும், எருக்குழிக்குப் போகும், ஆட்டின் வாய்க்கும் போகும். அதனால் இது இயற்கை உழவரின் பாடம்தான்.

எங்களுக்கு இந்தப் பாடம் ஒரு பாட்டியின் கணுக்காலில் தொடங்கியது.

புதுச்சேரி நகரத்தில் நாங்கள் சில உழவர்கள் சேர்ந்து ஒரு பழைய வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி விற்கிறோம். அங்கே சேறு படாமல் இருக்க 14 அடிக்கு 10 அடியில் ஒரு மரத்தளம் போட்டோம். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிச் சாய்ந்த ஒரு பலாவை அறுத்த பலகை எங்களில் ஒருவர் கொட்டகையில் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தது. அதைத்தான் போட்டோம். கடைக்காரர் கொடுத்த வார்னிஷை மூன்று கை அடித்தோம். தளம் கண்ணாடி மாதிரி மின்னியது.

முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் அங்கங்கே தோல் உரிந்தது. மூன்றாவது மழைக்குப் பிறகு, 2022 மாசியில் ஒரு ஞாயிறு, கீரை வாங்க வந்த பாட்டி ஒருவரின் கால் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நல்லவேளை, சுளுக்கோடு தப்பினார். அவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தபோது சொன்னார்: “என்னப்பா இது, மேல பளபளன்னு இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லியே!”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மரம் ஏன் கெடுகிறது?

முதல் எதிரி தண்ணீர். மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் போய் அப்படியே நின்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சைகள் வளரத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் அவற்றால் வளர முடியாது. அப்படியானால் மரம் நனைவது குற்றமில்லை. நனைந்தது காயாமல் இருப்பதுதான் குற்றம். புதுச்சேரியில் வருஷத்துக்குச் சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதத்தில் மரம் காய வழி இருக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது வெயில். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், மர நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மரம் சாம்பல் நிறம் ஆவது இதனால்தான். சாம்பல் நிறம் மேல்தோலில் மட்டும். அதனால் பலகையின் பலம் போய்விடாது.

மூன்றாவது கடல் உப்பு. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மரத்தைவிட ஆணிகளை இது வேகமாகத் தின்னும். ஆணி துருப்பிடித்து ஓட்டை பெரிதானால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும்.

நான்காவது கரையானும் துளைக்கிற வண்டும். கரையான் மண்ணிலிருந்து ஏறும். வண்டு, மரத்தின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் அதற்குத் தீனி குறைவு.

உடைந்த பலகையை ஒரு வயதான ஆசாரியிடம் காட்டினோம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது பாதி வைரம், பாதி வெள்ளை. வெள்ளைதான் உளுத்திருக்கு. அடியில ஒண்ணும் பூசல. முனையில பூசல. பலகைக்குப் பலகை இடைவெளி விடல. மேல மட்டும் நல்லா மூடி வெச்சிருக்கீங்க. உள்ள போன தண்ணி எப்படி வெளிய வரும்?” என்றார். ஆக, வார்னிஷ் மட்டும் குற்றவாளி இல்லை. நாங்களும்தான்.

பூச்சுக்கு முன்னால் அமைப்பு

புதுச்சேரியின் தமிழர் வீதிகளில், வைசியாள் வீதி போன்ற இடங்களில், பழைய வீடுகளின் தாழ்வாரத்தைப் பாருங்கள். மரத்தூண் தரையைத் தொடாது. அடியில் கருங்கல் இருக்கும். தரையில் தண்ணீர் நின்றாலும் தூண் அதை உறிஞ்சாது. மேலே கூரை ஒன்றிரண்டு அடி நீண்டு நிற்கும். தூண் பல தலைமுறை நிற்பதற்கு அதில் பூசிய எண்ணெய் மட்டும் காரணமில்லை, கல்லும் கூரையும் காரணம்.

இதே நகரத்தில், ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். பிற்காலத்தில் மரவேலையில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா கட்டுமானத்தைக் கவனித்தவர்களில் ஒருவர். அங்கே வெயிலையும் மழையையும் தாங்குவது வெளிப்பக்கம் உள்ள சிமெண்ட் கலவைப் பலகைகள். தேக்குக் கதவுகள் உள்பக்கம் நிழலில் நிற்கின்றன. எதை வெளியே விடுவது, எதை உள்ளே வைப்பது என்ற கணக்கு அது.

இன்னொரு பாடம் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் கடற்கரையில் இருந்தது. இன்று ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. முன்பு கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். தினமும் கடலில் ஊறுகிற மரம், தினமும் காய்ந்ததால் பிழைத்தது.

இதையெல்லாம் நம் தளத்துக்கும் பரணுக்கும் கொண்டுவந்தால் விதிகள் இவ்வளவுதான்:

- கால் மண்ணில் புதையக் கூடாது. கருங்கல் மீதோ சிமெண்ட் திண்டு மீதோ நிற்க வேண்டும்.
- பலகைக்குப் பலகை 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு பென்சில் நுழைகிற அளவு.
- தளத்துக்கு அடியில் காற்று ஓட வேண்டும். குறைந்தது ஒரு சாண் உயரமாவது இருக்கட்டும். அடியில் சருகு சேர விடாதீர்கள்.
- மேலே தண்ணீர் நிற்காதபடி லேசான சாய்வு கொடுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் போதும்.
- கடலோரத்தில் இரும்பு ஆணி வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள். கருவேலம், தேக்கு போன்ற மரங்களில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருங்கறை படியும்.
- வெளி வேலைக்கு வைரமுள்ள பலகையைத் தேர்ந்தெடுங்கள். தேக்கு, கருவேலம், பூவரசு, வேம்பு, பலா இவற்றின் வைரமும் முற்றிய பனையின் கருத்த வெளிப்பகுதியும் நல்லவை. மாமரம் வெளியில் நிற்காது.

தோலாக நிற்பது, ஊறி நிற்பது

கடையில் நூறு பெயர் இருந்தாலும் பூச்சு இரண்டே வகை. ஒன்று மரத்தின் மேல் தோல் மாதிரி படிகிறது. வார்னிஷ், பாலியூரித்தேன், பெயிண்ட் எல்லாம் இந்த வகை. இன்னொன்று மரத்துக்குள் ஊறி அங்கேயே கெட்டியாகிறது. எண்ணெய்கள் இந்த வகை.

மரம் உயிரோடு இல்லாவிட்டாலும் அசைந்துகொண்டேதான் இருக்கும். மழையில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். மேலே உள்ள தோல் அந்த அளவு நீளாது. எங்கோ ஒரு முடி அளவு பிளக்கும். அந்தப் பிளவில் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் ஆவியாகி வெளியேற அதே தோல் தடை. உள்ளே ஈரம், மேலே மூடி. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா? ஜன்னல் கதவில், அதாவது நிழலில் செங்குத்தாக நிற்கிற மரத்தில், வார்னிஷ் பல வருஷம் தாங்கும். படுக்கைவாட்டில் கிடந்து, காலால் மிதிபட்டு, வெயில் நேராக விழுகிற தளத்தில் அது சீக்கிரம் தோற்கும். தோற்றால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச முடியும்.

ஊறும் எண்ணெய் உரியாது. உரிவதற்கு அதில் தோலே இல்லை. மெல்ல மெல்லத் தேயும். தேய்ந்தால் தூசி துடைத்துவிட்டு இன்னொரு கை பூசினால் போதும். ஆனால் வருஷம் ஒருமுறை பூச வேண்டும். அதற்குச் சோம்பல் படுகிறவர்கள் எண்ணெய்ப் பக்கம் வர வேண்டாம். நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது.

எல்லா எண்ணெயும் உலராது

“நம்மகிட்டதான் வேப்பெண்ணெய் இருக்கே, அதையே பூசிட்டா என்ன?” இதை எங்கள் கூட்டத்திலும் கேட்டார்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

சில எண்ணெய்கள் காற்றில் உள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்லிய பிசின் போல இறுகும். இவை உலரும் எண்ணெய்கள். மற்றவை எத்தனை நாள் வைத்தாலும் எண்ணெயாகவே இருக்கும். இதைச் சொல்லும் அளவுதான் அயோடின் எண், அதாவது 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பது. ஏறக்குறைய 130க்கு மேல் இருந்தால் நன்றாக உலரும்.

- ஆளிவிதை எண்ணெய்: 170 முதல் 200 வரை. நன்றாக உலரும்.
- சூரியகாந்தி எண்ணெய்: சுமார் 120 முதல் 140 வரை. அரைகுறையாக உலரும், நாளாகும்.
- நல்லெண்ணெய்: சுமார் 105 முதல் 115 வரை. பிசுபிசுப்பாகவே நிற்கும்.
- விளக்கெண்ணெய்: 82 முதல் 90 வரை. அப்படியே பூசினால் உலராது.
- வேப்பெண்ணெய்: சுமார் 65 முதல் 80 வரை. உலராது.
- தேங்காய் எண்ணெய்: 10ஐ ஒட்டி. உலரவே உலராது.

இலுப்பை எண்ணெய், புங்கெண்ணெய், கடலை எண்ணெய் மூன்றும் உலராத கூட்டம்தான். மரச்செக்கின் வாகை உரலுக்கு உலராத எண்ணெய் ஒத்துப்போகிறது. அங்கே தினமும் புது எண்ணெய் ஏறுகிறது. மழையில் கிடக்கிற பலகைக்கு அது பொருந்தாது. தூசி ஒட்டும், வழுக்கும், முதல் பெருமழையில் பெரும்பகுதி கழுவிப் போகும். வேப்பெண்ணெயில் உள்ள பூச்சிவிரட்டிப் பொருளும் நேர் வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். ஆளிவிதை எண்ணெயோடு வேப்பெண்ணெயைக் கலந்தால் உலர்வதும் தள்ளிப்போகும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் நான்கு எண்ணெயை நான்கு கோடாக, விரலால் மெல்லியதாகத் தடவி, தூசி படாத காற்றோட்டத்தில் ஒரு வாரம் வையுங்கள். தொட்டால் ஒட்டாமல் தோல் கட்டியது எதுவோ அதுதான் வெளி மரத்துக்கு. பிள்ளைகளையும் கூட வைத்துச் செய்யுங்கள், ஒரு பள்ளிக்கூடப் பாடத்தைவிட நன்றாக மனதில் நிற்கும்.

கடையில் ஆளிவிதை எண்ணெய் வாங்கும்போது கவனம். ‘டபுள் பாயில்ட்’ என்று விற்பது சீக்கிரம் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள் சேர்த்தது. மனிதர் நடக்கிற தளத்துக்கு அது பரவாயில்லை. ஆடு நக்குகிற இடத்துக்குச் செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெயே வேண்டும். சித்திரை வெயிலில் அது மூன்று நாள் முதல் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய்க்கும் குறை உண்டு. கனமாகப் பூசித் துடைக்காமல் விட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கரும்பூஞ்சைக்கு அதுவே தீனி ஆகிவிடும். மெல்லியதாகப் பூசி மிச்சத்தைத் துடைப்பது ஒன்றே வழி. இரண்டாவது, வெறும் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. அதற்கு நிறம் வேண்டும். நன்றாகச் சலித்த செங்காவித் தூள், அதாவது இரும்பு ஆக்சைடு, லிட்டருக்கு 50 கிராம் கலக்கிறோம். காவி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஸ்வீடன் நாட்டுப் பழைய மரவீடுகளின் செந்நிறமும் ஃபாலுன் செம்புச் சுரங்கத்தில் கிடைத்த இரும்புக் காவிதான். காவி அதிகமானால் வேட்டியில் ஒட்டும், ஜாக்கிரதை.

நம் கடலோரத்துச் சரக்கு: முந்திரிக்கொட்டை எண்ணெய்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்கள் கருத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் செய்கிற வேலை அது. இது உண்மையில் சமையல் எண்ணெய் போன்றதில்லை. அனகார்டிக் அமிலம், கார்டோல், கார்டனால் என்ற ஃபீனால் வகைப் பொருள்கள்தான் இதில் இருக்கின்றன. காற்றுப் பட்டால் கருத்து இறுகும். கரையானும் வண்டும் அண்டத் தயங்கும். மரப் படகுகளுக்கு இதைப் பூசுவது இந்தியக் கடலோரங்களில் பழைய பழக்கம்.

வெளி மரத்துக்கு, அதிலும் தளத்தின் அடிச் சட்டம், தூணின் கீழ்முனை, பலகையின் அடிப்பக்கம் இவற்றுக்கு, நம் ஊரில் கிடைக்கிற நல்ல பொருள் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் மூன்று நிபந்தனைகள். ஒன்று, தோலில் பட்டால் கொப்புளம் போடும். சேங்கொட்டையின் குடும்பம்தானே. கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி கட்டாயம். கையுறைக்குள்ளும் விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், முந்திரி உடைப்பவர்களின் பழைய தற்காப்பு அது. இரண்டு, நேரடித் தீயில் காய்ச்சாதீர்கள், புகையும் கண்ணைக் கெடுக்கும். மூன்று, மனிதர் உட்காரும் இடம், ஆடு படுக்கும் இடம், காய்கறி வைக்கும் பலகை இவற்றில் பூசாதீர்கள்.

இவை வேண்டவே வேண்டாம்

பாட்டி விழுந்த பிறகு எங்களுக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? மெக்கானிக் கடையிலிருந்து பழைய என்ஜின் ஆயில் வாங்கி அடிப்பது. காசு இல்லை, கரையான் வராது, ஊரெல்லாம் செய்கிறார்கள். எங்களில் ஒருவர் தன் ஆட்டுப் பரணுக்கு ஏற்கனவே அடித்திருந்தார்.

யோசித்துப் பாருங்கள். என்ஜினில் எரிந்து தேய்ந்த எண்ணெயில் புற்றுநோய் தரக்கூடிய கரிமச் சேர்மங்களும் தேய்ந்த உலோகத் துகள்களும் சேர்ந்திருக்கும். அது உலராது. பரணில் அடித்தால் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். கீழே என்ன இருக்கிறது? புழுக்கை. அதை எருவாக்கி எங்கே போடுகிறோம்? வயலில். யூரியா மூட்டையை வாசலில் தடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக இதை நாமே வயலுக்குக் கொண்டுவருவதா? அந்த நண்பர் பரண் பலகைகளைக் கழற்றி அப்புறப்படுத்தினார். கீழே இருந்த எருவையும் உணவுப் பயிருக்குப் போடவில்லை. அவருக்கு அது பெரிய நட்டம். ஆனாலும் செய்தார்.

இதே பட்டியலில் இன்னும் மூன்று:

- பழைய ரயில் தண்டவாளக் கட்டை. பலமானது, மலிவாகக் கிடைக்கும். ஆனால் கிரியோசோட் என்ற நிலக்கரித் தார் எண்ணெயில் ஊறியது. வெயிலில் கசியும். காய்கறிப் பாத்திக்கு வரப்பாகவும் வைக்காதீர்கள்.
- பச்சை சாயம் பாய்ந்த பதப்படுத்திய மரம். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் அழுத்தி ஏற்றியதாக இருக்கலாம். ஆர்சனிக் மண்ணில் கசிவதால் அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு இதைச் செய்வதை நிறுத்தினார்கள். இந்த மரத்தை எரித்த சாம்பல் விஷம். அடுப்புச் சாம்பலோடு சேர்த்து வயலில் தூவிவிடாதீர்கள்.
- பழைய பெயிண்ட் அடித்த கதவு, ஜன்னல். புதுச்சேரியில் பழைய வீடு இடித்தால் நல்ல தேக்கு கிடைக்கும், நாமும் ஆசையாக வாங்குவோம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். முகமூடி போடுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள், சுரண்டியது கம்போஸ்டுக்குப் போகக் கூடாது.

வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் மூங்கிலை வண்டிலிருந்து காக்கும். 100 லிட்டர் தண்ணீருக்கு இரண்டும் சேர்த்து 5 கிலோ அளவு. ஆனால் இது தண்ணீரில் கரைவது. மழை படுகிற இடத்தில் கழுவிப் போகும், அதிகமானால் பயிரையும் வாட்டும். கூரைக்கு உள்ளே இருக்கும் மூங்கிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. மரம் காய்ந்ததா என்று பாருங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய்வது பொதுக் கணக்கு. சோதிக்க, பலகையின் நடுவிலிருந்து சிறு துண்டு வெட்டி எடை போடுங்கள். பிறகு எடை மேலும் குறையாத வரை அடுப்பு மேல் சூட்டில் காய வைத்து மறுபடி போடுங்கள். 230 கிராம் 200 கிராம் ஆனால், குறைந்த 30ஐ 200ஆல் வகுத்தால் ஈரம் 15 சதவீதம். 18க்குக் கீழே இருந்தால் பூசலாம்.

2. இழைத்து, 80 எண் உப்புத்தாளில் தேயுங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக்க வேண்டாம், எண்ணெய் இறங்காது. தளத்தில் கால் வழுக்கும்.

3. பூட்டுவதற்கு முன்பே எல்லாப் பக்கமும் பூசுங்கள். அடிப்பக்கம், ஓரம், திருகாணி ஓட்டை எல்லாம் சேர்த்து. பூட்டிய பிறகு அங்கே பிரஷ் போகாது.

4. முனைகளுக்கு முதல் மரியாதை. நீளவாக்கில் உள்ள நரம்புகள் திறந்திருக்கும் இடம் அது. ஒரு கட்டு வைக்கோலை நுனியில் நனைத்தது போல உறிஞ்சும். எண்ணெய் குடிப்பது நிற்கும்வரை மூன்று நான்கு தரம் பூசுங்கள்.

5. எண்ணெயை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். சூட்டில் இளகி ஆழமாக இறங்கும். டர்பன்டைன் கலக்கத் தேவையில்லை. கலப்பதானால் பைன் மரத்திலிருந்து வடித்ததைக் கேட்டு வாங்குங்கள், கடையில் பெரும்பாலும் கிடைப்பது பெட்ரோலியச் சரக்கு.

6. உச்சி வெயிலில் பூசாதீர்கள். இறங்குவதற்குள் மேலேயே கட்டிவிடும். காலையிலோ மாலையிலோ நிழலில் பூசுங்கள். அரை மணி நேரம் கழித்து, ஊறாமல் நிற்பதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள்.

7. முதல் கை நன்றாக உலர்ந்த பிறகு இரண்டாவது, அதன் பிறகு மூன்றாவது. முதல் கைக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சதுர அடி வரும். அடுத்தடுத்த கைக்குக் குறைவாகவே ஆகும்.

துணி தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு வெளிப்படும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே சேர்ந்து, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். வைக்கோல் போரும் கொட்டகையும் உள்ள நமக்கு இது உயிர்ப் பிரச்சினை. துணியை விரித்துத் திறந்தவெளியில் கொடியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள். இரண்டில் ஒன்று செய்யாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஆட்டுப் பரணுக்கு

பரண் தரைக்கு மூன்றரை, நான்கு அடி உயரமும், பலகைக்குப் பலகை 1 முதல் 1.5 சென்டிமீட்டர் இடைவெளியும் இருந்தால் புழுக்கை விழும், குட்டியின் கால் சிக்காது. மேல் பலகைக்குச் செக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும், காவிகூட வேண்டாம். மூத்திரம் விழுந்துகொண்டே இருக்கும் இடம் என்பதால் எந்தப் பூச்சும் பல வருஷம் நிற்காது. பலகைகளைச் சிறு சிறு தட்டிகளாகச் செய்து, இரண்டு செட் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று கழுவி வெயிலில் காயும்போது இன்னொன்று பரணில் இருக்கும். கட்டுமரக்காரர்கள் சொல்லிக்கொடுத்த வழிதான். கீழ்த்தூணுக்கும் சட்டத்துக்கும், ஆடு எட்டாத இடத்தில், முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி நன்றாக இறுகிய பிறகு ஆட்டை ஏற்றுங்கள்.

வருஷக் கணக்கு

தையில் மழை ஈரம் வடிந்ததும் தளத்தைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் கழுவுங்கள். மாசி முதல் சித்திரைக்குள் ஒரு கை எண்ணெய். புரட்டாசியில், மழைக்கு முன், நான்கு இடத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. சில நிமிஷத்தில் உறிஞ்சினால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு கை. கூடவே ஒரு திருப்புளியை எடுத்து முனைகளில் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகையை உடனே மாற்றுங்கள், யார் காலும் உடைவதற்கு முன்னால்.

எங்கள் தளத்தை 2022 சித்திரையில் மறுபடி போட்டோம். வெள்ளைப் பகுதியை அறுத்துத் தள்ளியதில் 14 அடி 11 அடியானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. முற்றம் முழுக்கத் தண்ணீர். தளம் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்தபின் வெயில் வந்து சில நாளில் பலகை காய்ந்தது. ஒரே ஒரு பலகை நெளிந்தது, மாற்றிவிட்டோம். நிறம் மங்கிச் சாம்பலும் காவியும் கலந்து கிடக்கிறது. யாரும் அழகென்று சொல்லவில்லை.

அந்தப் பாட்டி இப்போதும் கீரைக்கு வருகிறார். ஏறும் முன் கைத்தடியால் பலகையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார். போன மாசம் தட்டிவிட்டுச் சொன்னார்: “இப்பதாம்பா இது மரம் மாதிரி சத்தம் போடுது.”

உங்கள் பரணையும் மேடையையும் ஒருதரம் தட்டிப் பாருங்கள் நண்பர்களே. எந்த எண்ணெய் உங்கள் பக்கம் எத்தனை மழை தாங்குகிறது என்று எழுதுங்கள். அடுத்தவருக்கு அது பாடமாகும்.